வேலை தேடும் காலத்தில் தன்னார்வப் பணி: எங்கே கேட்பது, எப்படிக் கேட்பது

[திரையில்: தலைப்பு. பின்னணி இசை குறைகிறது.]

வணக்கம்.

வேலை போன பிறகோ, படிப்பு முடிந்து வேலை கிடைக்காமல் இருக்கும்போதோ, ஒரு நாளில் வேலை தேடுவதற்கென்று உருப்படியாகச் செய்ய முடிவது இரண்டு மூன்று மணி நேரம்தான். புதிதாக வந்த அறிவிப்புகளைப் பார்ப்போம், ரெஸ்யூமேயைத் திருத்துவோம், நாலு இடத்துக்கு அனுப்புவோம். அதோடு மணி பதினொன்று ஆகிவிடும். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான், நடுவில் பக்கத்து வீட்டு மாமா வந்து "தம்பி இப்ப என்ன பண்றீங்க" என்று கேட்டால் அன்றைக்கு முழுக்க அதுவே மண்டைக்குள் ஓடும். அந்தப் பதினொரு மணிக்குப் பிறகு என்ன செய்யலாம் என்பதுதான் இந்த வீடியோ.

தன்னார்வப் பணி என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே நிறத்தில் டி-ஷர்ட், குரூப் போட்டோ, கடைசியில் சான்றிதழ். அதில் தப்பில்லை. ஆனால் வேலையில்லாமல் இருப்பவருக்கு அது பெரிதாக உதவாது, திங்கட்கிழமை காலையில் மறுபடியும் அதே நாற்காலிதான். அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது ஒரே அளவுகோல்: நீங்கள் அன்றைக்குப் போகாவிட்டால் யாருக்காவது ஒரு காரியம் நின்றுபோகுமா? ஆமாம் என்றால் அந்தப் பணியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: தேர்வறை, இரண்டு நாற்காலிகள், ஒரு மேசை]

இந்த அளவுகோலில் எனக்குத் தெரிந்து முதலிடம் பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக் கொடுப்பதுதான். ஸ்க்ரைப் என்போம், பள்ளிக் கல்வித் துறை 'சொல்வதை எழுதுபவர்' என்கிறது. மாணவர் விடையைச் சொல்வார், நீங்கள் எழுத வேண்டும். பெரும்பாலான தேர்வுகள் வாரநாளில் காலை பத்து மணிக்கு நடக்கும், அந்த நேரத்தில் வேலையில் இருப்பவர்கள் லீவு போட்டால்தான் வர முடியும். இங்கே உங்கள் காலி நேரம் ஒருவருக்கு நேரடியாகத் தேவைப்படுகிறது. ஆள் கிடைக்காமல் தேர்வுக்கு முந்தின நாள் ராத்திரி வரை வாட்ஸ்அப் குழுக்களில் கேட்டுக்கொண்டே இருக்கும் மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன், அது இன்றும் நடக்கிறது என்பது எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

அறைக்குள் என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். கேள்வித்தாளை முதலில் முழுக்க வாசித்துக் காட்ட வேண்டும். பிறகு, "பதினாலாவது கேள்வியை இன்னொரு தடவை படிங்கண்ணா" என்பார், படிப்பீர்கள், அவர் யோசிப்பார். அந்த நேரத்தில் வாயைத் திறக்கக் கூடாது. உங்களுக்கு விடை தெரிந்திருக்கும், அவர் தப்பாகச் சொல்வார், அவர் சொன்னதைத்தான் எழுத வேண்டும். எத்தனை பக்கம் ஆகியிருக்கிறது, எவ்வளவு நேரம் மிச்சம் இருக்கிறது என்று அவ்வப்போது சொல்லுங்கள், சுவரில் இருக்கும் கடிகாரம் அவருக்கு உதவாது. கணக்கு என்றால் இன்னும் கவனம் தேவை. "எக்ஸ் அடுக்கு இரண்டு கூட்டல் மூன்று" என்று சொன்னால் அந்த மூன்று அடுக்கில் வருமா வெளியே வருமா என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவை வைக்க வேண்டும். முடிந்தால் தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்து பழகிக்கொள்ளுங்கள், அவர் பேசும் வேகமும் உங்கள் கை ஓடும் வேகமும் ஒத்துவர வேண்டும்.

மத்திய அரசின் வழிகாட்டுதலின்படி மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் உண்டு, அதாவது 3 மணி நேரத் தேர்வு 4 மணி நேரம் ஆகும். பாதி நாளை ஒதுக்கிவிட்டுப் போங்கள்.

போட்டித் தேர்வு என்றால் சில விதிகள் இருக்கின்றன. எழுதுபவரின் படிப்பு தேர்வரின் படிப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி, எவ்வளவு குறைவு என்பதை அந்தந்தத் தேர்வு அறிவிப்பில் பாருங்கள். அப்புறம் வேலை தேடுபவர்கள் மறக்கவே கூடாத ஒன்று: வங்கித் தேர்வுக்கு நீங்களும் விண்ணப்பித்திருந்தால் அதே தேர்வுக்கு ஸ்க்ரைபாகப் போகக் கூடாது. தெரியவந்தால் இரண்டு பேருடைய விண்ணப்பமும் ரத்தாகும், உங்கள் நல்ல மனசால் அவருடைய ஒரு வருட உழைப்பு போய்விடும்.

எங்கே கேட்பது? சென்னையில் மாநிலக் கல்லூரியிலும் லயோலா கல்லூரியிலும் பார்வையற்ற மாணவர்கள் படிக்கிறார்கள், பூந்தமல்லியில் அரசுப் பள்ளியே இருக்கிறது. மற்ற ஊர்களில் பக்கத்து அரசு கலைக் கல்லூரிக்குப் போய்த் துறைத் தலைவரிடமோ நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரிடமோ நேராகக் கேளுங்கள். தேர்வு இல்லாத மாதங்களில் பாடப் புத்தகங்களை வாசித்து ஆடியோவாகப் பதிவு செய்து கொடுக்கும் வேலையும் இருக்கும்.

[திரையில்: சாயங்காலம், பள்ளி வகுப்பறையில் பெரியவர்கள்]

அடுத்தது எழுத்தறிவு. புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022 முதல் 2027 வரைக்குமானது, 15 வயதும் அதற்கு மேலும் ஆன, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தன்னார்வலர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். சம்பளம் கிடையாது. 2021-இல் கொரோனாவுக்குப் பிறகு வந்த இல்லம் தேடிக் கல்வியில் மாதம் ரூ.1,000 ஊக்கத்தொகை இருந்தது, இதில் அப்படி எதிர்பார்க்காதீர்கள். உங்கள் ஊர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டால் மையம் எங்கே நடக்கிறது என்று தெரிந்துவிடும். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து உட்காரும் ஒரு அம்மா தன் பெயரை முழுசாக எழுதிவிட்டு, உடனே பஸ் போர்டைப் படிக்கச் சொல்லித்தரச் சொன்னால் அன்றைக்குப் பாடம் அதுதான். உங்களை அவர் "வாத்தியாரே" என்றோ "டீச்சரம்மா" என்றோ கூப்பிடுவார், வேலையில்லாதவர் என்று அல்ல.

வீட்டை விட்டு வெளியே போக முடியாத நிலை சிலருக்கு. அப்பா படுக்கையில், கைக்குழந்தை, அல்லது மனசு இன்னும் வெளியே போகத் தயாராகவில்லை. அவர்களுக்குத் தமிழ் விக்கிமூலம் என்ற இணைய நூலகம். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களின் ஸ்கேன் பக்கங்கள் அங்கே இருக்கும், கணினி அதை எழுத்தாக மாற்றும்போது துணைக்காலை 'ர' என்று படித்துவைத்திருக்கும், நாம் பக்கத்தைப் பார்த்துத் திருத்த வேண்டும். சிவப்பில் இருக்கும் பக்கத்தை ஒருவர் திருத்தினால் மஞ்சளாகும், இன்னொருவர் சரிபார்த்தால் பச்சையாகும். 1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகம் முழுக்க இருந்த தமிழர்கள் வீட்டிலிருந்தே தட்டச்சு செய்ததால்தான் இன்று எத்தனையோ சங்க நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இங்கே யாரும் உங்களுக்காகக் காத்திருப்பதில்லை என்பது உண்மைதான், என் அளவுகோலுக்கு இது பொருந்தாது. இருந்தாலும் தமிழில் பிழை திருத்தக் கற்றுக்கொண்டால் அது பின்னால் சோறு போடக்கூடிய திறமை.

சென்னைக் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை ஆமை நடை இருக்கிறது. மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழு 1988-இலிருந்து இதைச் செய்கிறது. ராத்திரியில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்து முட்டைகளைப் பத்திரமாக எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள்.

[திரையில்: வாட்ஸ்அப் செய்தி ஒன்று எழுத்தெழுத்தாகத் தோன்றுகிறது]

கேட்கும் விதத்தில்தான் பாதி பேர் கோட்டை விடுகிறார்கள். "ஏதாவது ஹெல்ப் வேணும்னா சொல்லுங்க" என்று அனுப்பினால் பதில் வராது, ஏனென்றால் என்ன வேலை தரலாம் என்று யோசிக்கும் வேலையை அவர்கள் தலையில் வைக்கிறோம். இப்படி எழுதுங்கள்: "வணக்கம் மேடம். பி.காம். முடித்திருக்கிறேன், இப்போது வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். செவ்வாய், வியாழன் காலை 10 முதல் 1 வரை என்னால் வர முடியும். தமிழிலும் ஆங்கிலத்திலும் டைப் செய்வேன், டேலி தெரியும். இன்டர்வியூ வந்தால் முந்தின நாளே சொல்லிவிடுவேன். நாளைக்கு நேரில் வந்து பார்க்கலாமா?" வேலை தேடுவதை மறைக்காதீர்கள். இரண்டு நாள் பதில் இல்லையென்றால் நேரில் போய் நில்லுங்கள்.

வாரத்துக்கு இரண்டு அரை நாள் போதும். அதற்கு மேல் ஒப்புக்கொண்டால் விண்ணப்பம் போடுவது தள்ளிப்போகும், ஏனென்றால் அங்கே பாராட்டு கிடைக்கிறது, இங்கே பதில்கூட வருவதில்லை, மனசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. பஸ் செலவையும் முதலிலேயே பேசிவிடுங்கள். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் காசு இல்லாமல் போகலாம், மற்றவர்களுக்கு மாதக் கடைசியில் அதுவும் ஒரு செலவு. போக்குவரத்துக் காசு கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சில இடங்களிலிருந்து உடனே வெளியே வந்துவிடுங்கள். பதிவுக் கட்டணம் கேட்பவர்கள், அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்பவர்கள், 'இன்டர்ன்ஷிப்' என்று சொல்லிவிட்டு சிக்னலிலும் மாலிலும் உண்டியல் ஏந்த வைத்து இவ்வளவு வசூல் செய்தால்தான் சான்றிதழ் என்பவர்கள். லாபத்துக்கு நடக்கும் கம்பெனி ஒன்று தன்னார்வலராக வந்து கணக்கு எழுதுங்கள் என்றால் அதற்குப் பெயர் சம்பளம் தராத வேலை. வேலையில்லாதவனின் பயத்தை வைத்துப் பிழைப்பு நடத்துகிறார்கள், எனக்கு இதில் கோபம் உண்டு. ஒரு தொண்டு நிறுவனம் பற்றிச் சந்தேகம் வந்தால் நிதி ஆயோக்கின் என்ஜிஓ தர்பண் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடுங்கள், பதிவு செய்திருந்தால் விவரம் வரும்.

[திரையில்: ரெஸ்யூமேயின் ஒரு பகுதி]

ரெஸ்யூமேயில் இதைக் கடைசி வரியில் பொழுதுபோக்கோடு சேர்க்காமல், அனுபவம் என்ற தலைப்பின் கீழ் மாதம், வருடம் போட்டு, செய்த வேலையை அப்படியே எழுதுங்கள். இன்டர்வியூவில் "இந்த ஆறு மாசம் என்ன செய்தீர்கள்" என்று கேட்டால், தேர்வறையில் உட்கார்ந்து ஒருவர் சொல்வதை ஒரு எழுத்து மாறாமல் எழுதினேன் என்பது நல்ல பதில்.

வேலை கிடைத்துவிட்டது என்று வையுங்கள். அப்பாயின்ட்மெண்ட் ஆர்டர் வந்த அன்றே பொறுப்பாளருக்குச் சொல்லுங்கள், லெட்டர்ஹெட்டில் ஒரு அனுபவக் கடிதம் கேட்டு வாங்குங்கள். ஏப்ரலில் யாருக்காவது எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தால் அந்த மாணவருக்கு நீங்களே போன் செய்யுங்கள், பேசி முடிப்பதற்குள் இன்னொருவருடைய நம்பரை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.