சினத்தின் பின்னால் நிற்கும் விழுமியம்

ஆசிரியப் பெருமக்களுக்கும் பயிற்சி மாணவர்களுக்கும் என் வணக்கம்.

பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் மூன்றாவது முறையாக வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து தலைகுனிந்து நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ஒழுங்கையே முதன்மையாகக் கருதும் ஆசிரியருக்குச் சினம் வருகிறது. பிள்ளைகளின் நலனை முன்வைப்பவருக்கு, வீட்டில் என்ன நடந்ததோ என்ற கவலை எழுகிறது. தேர்ச்சி விழுக்காட்டைத் தம் தகுதிக்குச் சான்றாகக் கொண்டவருக்கோ, ஆய்வுக் கூட்டத்தில் என்ன பதில் சொல்வது என்ற அச்சம் முந்திக்கொள்கிறது. நிகழ்ச்சி ஒன்றுதான். மாணவனின் செயல், நாம் பெரிதென மதிக்கும் ஒன்றை, அதாவது நம் விழுமியம் ஒன்றைத் தொடும்போதுதான் நம்மிடம் உணர்வு பிறக்கிறது என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

உளவியலாளர் ஷாலோம் ஷ்வார்ட்ஸ் 1992-இல் மனித விழுமியங்களைப் பத்து வகையாகப் பிரித்து ஒரு வட்டத்தில் அடுக்கிக் காட்டினார். அருகருகே உள்ளவை ஒத்துப்போகும். எதிரெதிரே உள்ளவை மோதும். சாதனை விழைவும் பிறர்நலம் பேணலும் அவ்வாறு மோதக்கூடியவை. நம் பள்ளிகளில் இந்த மோதலைக் காண வேண்டுமானால், பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதங்களில் ‘மெல்லக் கற்கும் மாணவர்’களுக்கு நடக்கும் சிறப்பு வகுப்புகளைப் பாருங்கள். முப்பத்தைந்து மதிப்பெண்ணுக்குத் தேவையான வினாக்களை மட்டும் மனப்பாடம் செய்விக்கும் ஆசிரியர், அந்தப் பிள்ளை தேர்ச்சி பெறும்போது மகிழ்கிறார். ஆனால் தாம் கற்பித்தது பாடம்தானா என்ற உறுத்தலும் அம்மகிழ்ச்சியோடு சேர்ந்தே வருகிறது. இரண்டும் உண்மையான உணர்வுகளே. அவரிடம் இரண்டு விழுமியங்கள் உயிரோடு இருக்கின்றன என்பதற்கு அவையே சான்று.

நல்லாசிரியனை நிலத்துக்கு ஒப்பிடும் நன்னூல், நிலத்தின் பண்புகளுள் பொறையையும் எண்ணுகிறது. ஆனால் பொறுமை இரண்டு வகையில் வரலாம். பணிக்காகத் தம் உணர்வுகளைக் கட்டுப்படுத்தும் ‘உணர்வுசார் உழைப்பை’ப் பற்றி 1983-இல் எழுதிய சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட், விமானப் பணிப்பெண்களிடம் கண்டதும் இதுவே: ஒருவர் உள்ளே கொதித்துக்கொண்டு முகத்தில் மட்டும் புன்னகையை வைத்திருக்கலாம், அல்லது உணர்வையே மாற்றிக்கொள்ள முயலலாம். முதல் வகை ஆளைத் தேய்த்துவிடும். வகுப்பறையிலும் அப்படியே. (பொய்க்கோபத்தை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம், அது நம் தொழிற்கருவி, பிள்ளைகளுக்கும் அது தெரியும்.)

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பதினேழாம் பிரிவில், உடல்சார் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. குழந்தையின் மாண்பை ஏற்கெனவே மதித்தவருக்கு அது பக்கத் துணையாயிற்று. ‘அடியாத மாடு படியாது’ என்று நம்பி வளர்ந்தவருக்கு, கையிலிருந்ததைப் பறித்துக்கொண்டது போன்ற ஆற்றாமையைத் தந்தது. பின்னவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதால் பயனில்லை. அவர் காக்க விரும்பும் ஒழுங்கைப் பிரம்பின்றி எவ்வாறு காப்பது என்பதைப் பயிற்சி அவருக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டும். பிரம்பைப் பறித்த அளவுக்கு அதற்கு மாற்றாக நாம் எதையும் கொடுக்கவில்லை என்பது என் கணிப்பு.

இதனினும் கடுமையானது, விழுமியத்துக்கு எதிராக அன்றாட வேலையே அமைந்துவிடும் நிலை. கற்பிக்க வந்தவர் பள்ளி, மாணவர் தகவல்களைத் திரட்டும் ‘எமிஸ்’ இணையதளத்தில் விவரங்களைப் பதிவேற்றுவதிலேயே பாடவேளையைக் கழிக்க நேரும்போது எழும் எரிச்சலை, மனவுறுதிக் குறைவு என்று கருதிவிடக் கூடாது. அது தம் பணியை மதிப்பவரின் எரிச்சல், மதிக்காதவருக்கு வராது. இத்தகைய இடத்தில் மூச்சுப்பயிற்சியையும் மன அழுத்த மேலாண்மை வகுப்பையும் பரிந்துரைப்பது, நோய் வேறு, மருந்து வேறு என்றாகிவிடும்.

ஆகவே பயிற்சிக் கூடங்களில் ‘சினத்தை அடக்குங்கள்’ என்று சொல்வதற்கு முன், ‘அந்தச் சினம் எதைக் காக்க எழுந்தது?’ என்று கேட்டுப் பழக்குவோம். தேர்ச்சி விழுக்காட்டை வரிசையாக வாசிக்கும் ஆய்வுக் கூட்டத்திலும், இந்த ஆண்டு எந்த வேலை உங்களைக் கற்பிக்கவிடாமல் தடுத்தது என்று ஒவ்வோர் ஆசிரியரிடமும் கேட்கலாம். அப்படிக் கேட்பதற்குத் தனி அரசாணை எதுவும் தேவையில்லை.