முட்டை பக்கத்துல ஒரு பழம்

வணக்கம் நேயர்களே. காலை டிபன்னு எடுத்தா பேச நிறைய இருக்கு, நான் முட்டையும் பழமும் மட்டும் எடுத்துக்கறேன், ஏன்னா இந்த ரெண்டும் ஒரே தட்டுல வரணும்ங்கறது என்னோட பெரிய ஆசை.

பெரிய முட்டை ஒண்ணுல சுமார் 6 கிராம் புரோட்டீன் இருக்கு, நம்ம உடம்பு தானா தயாரிக்க முடியாத 9 அமினோ அமிலமும் அதுல இருக்கு. வைட்டமின் ஏ, டி, கோலின் எல்லாம் மஞ்சக்கருவுலதான், அதனால கொலஸ்ட்ராலுக்குப் பயந்து நல்லா இருக்கறவங்களும் மஞ்சளைத் தூக்கிப் போடறதப் பாத்தா எனக்கு மனசு தாங்காது. நிறைய பேருக்கு ரத்தத்துல கொலஸ்ட்ராலை அதிகமா ஏத்தறது வெண்ணெய், கொழுப்புக்கறி மாதிரி விஷயத்துல இருக்கற நிறைவுற்ற கொழுப்புதான். சுகர், இதய நோய் இருக்கறவங்க மட்டும் எத்தனை சாப்பிடலாம்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

பச்சை முட்டை குடிக்காதீங்க. சால்மொனெல்லா கிருமி பயம் ஒரு பக்கம், இன்னொரு பக்கம் பச்சை வெள்ளைக்கருவுல இருக்கற அவிடின்ங்கற புரோட்டீன், பயோட்டின்ங்கற வைட்டமின் சத்தைப் புடிச்சு வச்சுக்கும், வேக வச்சா அந்தத் தொல்லை போயிடும். ரொம்ப நேரம் கொதிக்க விட்டா மஞ்சளைச் சுத்தி பச்சையா ஒரு வளையம் வருமே, அது இரும்பும் கந்தகமும் சேர்றதுனால வர்றது, கெடுதல் இல்ல.

இவ்வளவு இருந்தும் முட்டையில வைட்டமின் சி கிடையாது, நார்ச்சத்தும் கிடையாது. அங்கதான் பழம் வரணும். கொய்யாவுல 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல வைட்டமின் சி இருக்கு, ஆரஞ்சுல 50 சொச்சம்தான். கூட ரொட்டியோ ஓட்ஸோ பயறோ சாப்பிட்டா அதுல இருக்கற இரும்புச்சத்து உடம்புல சேரவும் அந்த சி உதவும்.

பக்கத்துலயே விளையற பழமா பாத்து வாங்குங்கன்னு நான் சொல்றதுக்கு காரணம் இருக்கு. வாழை, மாம்பழம், பப்பாளி எல்லாம் பறிச்ச அப்புறமும் எத்திலீன் வாயுவால பழுத்துக்கும், ஆனா திராட்சை, ஆரஞ்சு, ஸ்ட்ராபெர்ரி அப்படி இல்ல, செடியில என்ன இனிப்பு ஏறிச்சோ அவ்வளவுதான், அவசரமா பறிச்சு லாரியில ஏத்தினா அப்புறம் எத்தனை நாள் வச்சிருந்தாலும் இனிப்பு கூடாது. தூரம் கம்மியா இருந்தா விவசாயியால பழம் முத்தற வரைக்கும் காத்திருக்க முடியும்.

தயவுசெஞ்சு ஜூஸா வடிகட்டாதீங்க, நார் போயி சர்க்கரைத் தண்ணிதான் மிஞ்சும். அப்படியே கடிச்சு சாப்பிடுங்க. டீ, காபிய சாப்பாட்டோட சேர்த்து குடிக்காம ஒரு மணி நேரம் தள்ளி வச்சுக்கோங்க, இல்லன்னா அந்த இரும்புச்சத்து சேர்றத அதுவே தடுத்துடும். நன்றி, வணக்கம்.