லியோன் நகரில் ஒரு சனிக்கிழமை

தலைவர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

கார் பந்தயம் பற்றிப் பேச ஒருத்தர் வருகிறார் என்றதும் இங்கே பாதிப் பேர் பார்முலா ஒன் எதிர்பார்த்திருப்பீர்கள். நான் எடுத்து வந்திருப்பது நூறு வருஷத்துக்கும் மேல் பழைய சரக்கு. 1914 ஜூலை 4, சனிக்கிழமை. பிரான்ஸில் லியோன் நகருக்குத் தெற்கே நடந்த கிராண்ட் பிரி. முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பந்தயக் கதையில் முடிவைக் கடைசி வரை மூடி வைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது.

முதலிடம் கிறிஸ்டியான் லௌட்டன்ஷ்லாகர், ஜெர்மனியின் மெர்சிடிஸ், 7 மணி 8 நிமிடம் 18 விநாடி. இரண்டாவது லூயி வாக்னர், மெர்சிடிஸ், ஒன்றரை நிமிடம் பின்னால். மூன்றாவது ஓட்டோ சால்ட்ஸர், அதுவும் மெர்சிடிஸ். நான்காவது ஜூல் கூ, பிரான்ஸின் பெஜோ. ஐந்தாவது டாரியோ ரெஸ்டா, சன்பீம். புறப்பட்ட கார்கள் 37. வந்து சேர்ந்தவை 11.

செராயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டது ஜூன் 28. ஆறே நாளில் இந்தப் பந்தயம். ஆகஸ்ட் 3-இல் ஜெர்மனி பிரான்ஸ் மீது போர் அறிவித்துவிட்டது. அதனால் இந்தக் கதையைச் சொல்கிற எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: ஜெர்மானியர்கள் பிரான்ஸின் சொந்த மண்ணில் புகுந்து முதல் மூன்று இடத்தையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள், போருக்கு இதுவே ஒத்திகை என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் பட்டியலில் இருக்கும் பெயர்களைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் அந்தக் கதை ஆட்டம் காண்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் சாலைக்கு வாருங்கள்.

ஸ்டேடியம் மாதிரி கட்டிய பாதை அல்ல அது. ஊருக்கு ஊர் போகிற சாதாரண சாலை. ஒரு சுற்று 37.6 கிலோமீட்டர், மொத்தம் 20 சுற்று. ஆக 750 கிலோமீட்டருக்கு மேல், ஒரே ஓட்டுநர், பக்கத்தில் ஒரு மெக்கானிக். ழியே ஆற்றுப் பள்ளத்தாக்கு, மேடும் பள்ளமுமாக நீளும் நேர்ச்சாலை, மலைச்சரிவில் வளைவு மேல் வளைவாக இறங்கி முடியும் இடத்தில் ஒரு கொண்டை ஊசித் திருப்பம். அந்தத் திருப்பத்துக்கு உள்ளூர்க்காரர்கள் வைத்திருந்த பெயர் 'சாவுப் பொறி'. வெடித்த டயரை மாற்ற இன்று போல் இருபது பேர் ஓடி வர மாட்டார்கள். ஓட்டுநரும் மெக்கானிக்கும்தான் இறங்கி மாற்ற வேண்டும்.

காலை எட்டு மணிக்கு ஜோடி ஜோடியாக, அரை நிமிட இடைவெளியில் கார்களை விட்டார்கள். இது முக்கியம், ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் முன்னால் போகிறவர் நேரக் கணக்கில் முன்னால் இருக்கிறார் என்று பொருள் இல்லை. குவிந்திருந்த லட்சக்கணக்கான ஜனங்களுக்குக் கண்ணால் பார்ப்பது ஒன்று, கரும்பலகையில் எழுதுவது வேறொன்று.

ஜனங்கள் பார்க்க வந்தது ஜோர்ஜ் ப்வாயோவை. இதே பிரெஞ்சு கிராண்ட் பிரியை 1912-இல் தியெப் நகரில் ஜெயித்தவர், 1913-இல் அமியேன் நகரில் ஜெயித்தவர். மூன்றாவதும் தமக்கே என்று வந்திருந்தார். பிரான்ஸின் செல்லப்பிள்ளை. அவருடைய பெஜோவின் எஞ்சினை வரைந்தவர் எர்னஸ்ட் ஹென்ரி என்ற சுவிட்சர்லாந்துக்காரர். எஞ்சின் தலையில் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு, அதாவது கேம் ஷாஃப்ட், இரண்டு; சிலிண்டருக்கு நான்கு வால்வு. இன்று உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காரிலும் பெரும்பாலும் அந்த ஏற்பாடுதான். போதாதென்று நான்கு சக்கரத்துக்கும் பிரேக். மெர்சிடிஸுக்குப் பின்சக்கரத்தில் மட்டும்தான் பிரேக்.

அப்படியானால் பெஜோ ஏன் தோற்றது?

என் கணக்கில் விடை எஞ்சினில் இல்லை, டயரில் இருக்கிறது. ப்வாயோவின் கார் டயரைத் தின்றது. மாற்றுச் சக்கரங்களைக் காரின் வாலுக்குள் செருகி வைத்திருந்தார்கள். பார்க்க அழகு. ஆனால் அவ்வளவு பாரமும் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. பிரேக் பலமாக இருந்ததால் மனிதர் திருப்பம் வரைக்கும் முழு வேகத்தில் போய் அழுத்துவார். திரும்பத் திரும்ப டயருக்காக நின்றார். ஒவ்வொரு முறையும் நிமிடக் கணக்கில் போயிற்று. மெர்சிடிஸ் ஆட்களோ மாதக்கணக்கில் முன்னாலேயே லியோனுக்கு வந்து, அந்தச் சாலையில் ஓட்டிப் பார்த்து, கியர் விகிதம் முதற்கொண்டு சரிபார்த்துக்கொண்டு போனவர்கள். வீட்டுப்பாடம் செய்துவிட்டு வந்த பிள்ளைகள்.

ஐந்து வெள்ளை மெர்சிடிஸ் புறப்பட்டன. அவற்றில் ஒன்றை ஓட்டியவர் மாக்ஸ் ஸைலர். முதல் சுற்றிலேயே நேரக் கணக்கில் ப்வாயோவை முந்தினார். நான்காம் சுற்றை 20 நிமிடம் 6 விநாடியில் முடித்தார், அன்றைய அதிவேகச் சுற்று அதுதான். ஆறாம் சுற்றில் எஞ்சின் உடைந்து உட்கார்ந்துவிட்டார். இதை வைத்து ஒரு கதை கட்டினார்கள்: ஸைலர் பலியாடு, ப்வாயோவைத் துரத்தவைத்து அவர் காரை நோகடிக்கத்தான் கம்பெனியே அவரை ஏவிவிட்டது என்று. எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. எஞ்சின் உடைந்த பிறகு 'உடைக்கத்தான் ஓட்டினோம்' என்று எவர் வேண்டுமானாலும் சொல்லலாம். (சிரிப்பு)

ஸைலர் போனதும் ப்வாயோ முன்னிலைக்கு வந்தார். அங்கிருந்து பதினேழாம் சுற்று வரை அவர் ஓட்டியது ஓட்டம்! காரின் தகுதிக்கு மேலே ஓட்டினார் என்றே சொல்வேன். டயரில் இழந்ததைச் சாலையில் மீட்பார், மறுபடி இழப்பார். பின்னால் லௌட்டன்ஷ்லாகர் அவசரமே படாமல் நெருங்கிக்கொண்டிருந்தார். இந்த மனிதர் மெர்சிடிஸைத் தயாரித்த டெய்ம்லர் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பெரிய நட்சத்திரமெல்லாம் இல்லை. பதினெட்டாம் சுற்றில் கணக்கு மாறியது. சாலையில் இன்னும் ப்வாயோதான் முன்னால் போகிறார், ஜனங்கள் தொப்பியை ஆட்டிக் கத்துகிறார்கள், கரும்பலகையிலோ வேறு பெயர் முதலில். கடைசிச் சுற்று. எல்லோரும் சாலையைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். ப்வாயோவின் நீலக் கார் வரவில்லை. எஞ்சின் கைவிட்டு வழியிலேயே நின்றுபோனது. ப்வாயோ அழுதார் என்று எழுதியிருக்கிறார்கள். ஏழு மணி நேரம் அப்படி ஓட்டியவர் அழாமல் என்ன செய்வார்? லௌட்டன்ஷ்லாகர் வந்து நின்றபோது கூட்டத்தில் சத்தமே இல்லை.

சரி, இப்போது பட்டியலுக்கு வருவோம். 'ஜெர்மனிக்கு மூன்று இடம்' என்றோமே, இரண்டாம் இடம் வந்த லூயி வாக்னர் யார்? அசல் பிரெஞ்சுக்காரர்! 1908-இல் இத்தாலியின் பியட் காரை ஓட்டி அமெரிக்காவில் சவானா நகரத்துப் பந்தயத்தை ஜெயித்தவர். அதே 1908-இல் தியெப்பில் இதே லௌட்டன்ஷ்லாகர் பிரெஞ்சு கிராண்ட் பிரியை ஜெயித்தபோது அடுத்த இரண்டு இடமும் பென்ஸ் கார்களுக்கு. அவற்றை ஓட்டிய எமரியும் அன்ரியோவும் பிரெஞ்சுக்காரர்கள்தாம். ஐந்தாம் இடம் வந்த ரெஸ்டா இத்தாலியில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். காருக்குப் பூசிய சாயத்தை வைத்து வெள்ளை ஜெர்மனி, நீலம் பிரான்ஸ் என்று பிரித்துவிடலாம். உள்ளே உட்கார்ந்திருந்த ஆளை அப்படிப் பிரிக்க முடியவில்லை.

போர் வந்தது. ப்வாயோ விமானியானார், 1916-இல் வான்போரில் இறந்தார். லண்டன் விற்பனைக்கூடத்தில் மாட்டிக்கொண்ட ஒரு லியோன் மெர்சிடிஸை இங்கிலாந்தின் டெர்பி நகருக்குக் கொண்டுபோய், ரோல்ஸ்ராய்ஸ் பொறியாளர்கள் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார்கள். இன்னொரு கார் கடல் தாண்டி அமெரிக்கா போயிற்று. 1915 இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தை அதில் ஜெயித்தவர் ரால்ஃப் டி பால்மா. கடைசிச் சில சுற்றுகளில் எஞ்சினுக்குள் பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு உடைந்தும் காரை இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார். அவருக்கு அடுத்து வந்தது யார் தெரியுமா? ரெஸ்டா. எந்தக் காரில்? பெஜோவில்! ஜெர்மனியும் பிரான்ஸும் பதுங்குகுழிகளில் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்த அதே மே மாதத்தில், இத்தாலியில் பிறந்த இரண்டு பேர் அந்த நாடுகளின் கார்களில் அமெரிக்காவில் மோதிக்கொண்டார்கள்.

நான்காம் இடம் வந்த ஜூல் கூவைப் பற்றி நான் இன்னும் பேசவில்லை. லியோனில் ஓட்டத்தை முடித்த முதல் பெஜோ அவருடையது, ஆனாலும் அன்று அவரை யாரும் கவனிக்கவில்லை. 1922-இல் சிசிலியில் டார்கா ஃப்ளோரியோ பந்தயத்துக்கு வந்தார். கார் பலோ, புத்தம் புதியது, வரைந்தவர் அதே எர்னஸ்ட் ஹென்ரி. நன்றாகத்தான் ஓட்டினார், இரண்டாம் இடம். முதலிடம் ஜூலியோ மஸெட்டி என்ற இத்தாலியப் பிரபுவுக்கு. அவர் சொந்தமாக வாங்கி, சிவப்புச் சாயம் பூசி ஓட்டி வந்தது எட்டு வருஷப் பழைய கார், லியோனில் ஓடிய அந்த 1914 மெர்சிடிஸ்.

நன்றி, வணக்கம்.