சீருடையில் போரை எதிர்க்கலாமா?

நேயர்களுக்கு வணக்கம்.

2007 மார்ச் மாதம். ஈராக் போர் தொடங்கி நான்கு ஆண்டுகள் நிறைந்த சமயம். வாஷிங்டன் தெருக்களில் பட்டாள உடையில் ஒரு சிறு கூட்டம் ரோந்து வந்தது. கையில் துப்பாக்கி கிடையாது, ஏந்தியிருப்பதுபோல் பாவனைதான். வழியில் நின்ற சிலரைப் பிடித்துத் தரையில் தள்ளிக் கைகளைக் கட்டினார்கள். பிடிபட்டவர்களும் கூட நடிக்க வந்தவர்களே. ஈராக்கில் மக்கள் அன்றாடம் என்ன படுகிறார்கள் என்று காட்டும் தெரு நாடகம் அது. பட்டாளக்காரர்களாக நடித்தவர்கள், அந்தப் போருக்குப் போய் வந்து, பிறகு அதையே எதிர்த்த முன்னாள் வீரர்கள்.

அவர்களில் ஒருவர் ஆடம் கோகேஷ். அமெரிக்க மரைன் படைவீரராக 2004-இல் ஈராக்கின் ஃபலூஜா நகரில் இருந்தவர். 2006-இல் நற்சான்றோடு வெளியே வந்துவிட்டார். ஆனால் அமெரிக்கப் படையில் சேருகிறவர் பொதுவாக எட்டு ஆண்டுகளுக்குக் கையெழுத்துப் போடுகிறார். நேரடிப் பணி முடிந்தாலும் மீதிக் காலத்துக்குச் சேமப்படைப் பட்டியலில் பெயர் இருக்கும். மாதச் சம்பளம் கிடையாது, வாராந்தரப் பயிற்சி கிடையாது, கூப்பிட்டால் போக வேண்டும். அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டுதான், சீருடையில் போராட்டத்தில் கலந்துகொண்டதற்காகப் படை அவர்மேல் நடவடிக்கை எடுத்தது.

பெயர்ப் பட்டையை எடுத்துவிட்டுத்தான் அவர் அந்தச் சட்டையைப் போட்டிருந்தார். அப்படியும் விளக்கம் கேட்டு அதிகாரியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கோபத்தில் ஒரு கெட்ட வார்த்தையோடு பதில் எழுதினார். அதுவும் குற்றச்சாட்டில் சேர்ந்தது. அப்படி எழுதியது முறையல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலையை விட்டுப் போனவர் பழைய மேலதிகாரியிடம் மரியாதைக் குறைவாகப் பேசினால், அதற்கு ஒரு விசாரணை மன்றமா? ஜூன் 4 அன்று கான்சாஸ் சிட்டியில் விசாரணை நடந்தது. அவருடைய சேமப்படைக் காலமே அந்த மாதத்தோடு முடிய இருந்தது. முழு நற்சான்றுக்கு ஒரு படி கீழான விடுவிப்புக்குக் குழு பரிந்துரைத்தது. சான்றின் தரம் இன்னும் இறங்கினால், முன்னாள் வீரருக்கான சலுகைகளுக்கே ஆபத்து வரும். வாயை மூட அந்தப் பயம் போதும்.

நான் மதிக்கும் விஷயம் ஒன்று. அமெரிக்காவின் பெரிய முன்னாள் வீரர் சங்கங்களில் ஒன்றின் தேசியத் தலைவர் இந்த நடவடிக்கையை வெளிப்படையாகக் கண்டித்தார். அவர் போருக்கு ஆதரவானவர். ஈராக்கில் ஜனநாயகத்தை வளர்க்கப் போராடிக்கொண்டே, அதே உரிமையைப் பயன்படுத்தும் நம் ஆட்களைத் தண்டிப்பதா என்று கேட்டார்.

இந்தச் சண்டை புதிதல்ல. 1967 டிசம்பரில் ஹூஸ்டன் நகரில், படைக்கு ஆள் சேர்க்கும் மையத்தின் எதிரே டேனியல் ஷாக்ட் என்பவரும் சில நண்பர்களும் வியட்நாம் போருக்கு எதிராக ஒரு குறுநாடகம் போட்டார்கள். சிவப்புத் தண்ணீர் பீய்ச்சும் பொம்மைத் துப்பாக்கி, உடம்பில் ராணுவச் சட்டை, அவ்வளவுதான். அவருக்கு ஆறு மாதச் சிறை, 250 டாலர் அபராதம். நாடகத்தில் நடிப்பவர் சீருடை அணியலாம் என்று சட்டம் அனுமதித்திருந்தது. ஆனால் படைக்கு அவப்பெயர் வரும்படி நடிக்கக் கூடாது என்று ஒரு வாலும் அதில் ஒட்டியிருந்தது. 1970-இல் உச்ச நீதிமன்றம் அந்த வாலை வெட்டியது. போரைப் புகழ்ந்து நடித்தால் விடுதலை, எதிர்த்து நடித்தால் சிறை என்பது பேச்சுரிமை உள்ள நாட்டில் நிற்காது என்று நீதிபதி ஹியூகோ பிளாக் எழுதினார். இந்த விவகாரம் முழுவதற்கும் அந்தத் தீர்ப்புதான் சாவி என்று நினைக்கிறேன்.

சரி, இன்னும் பணியில் இருப்பவர்? கடற்படை நர்ஸ் சூசன் ஷ்னால் 1968-இல் சான் பிரான்சிஸ்கோ அமைதிப் பேரணியில் சீருடையோடு நடந்தார். ராணுவ நீதிமன்றம் தண்டித்தது. வியட்நாம் போரை நடத்திய தளபதி வெஸ்ட்மோர்லண்ட் சீருடையில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் முன் நின்று போருக்காகப் பேசலாம், நான் அமைதிக்காகப் பேசக் கூடாதா என்பது அவர் கேள்வி. ஆயுதம் ஏந்தும் படை அரசியலில் பக்கம் சேரக் கூடாது என்ற விதி எனக்கும் வேண்டும். பட்டாளமே கட்சி கட்டினால் ஜனநாயகம் என்னாகும்? ஆனால் அந்த விதி தளபதிக்கும் நர்சுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

வீடு திரும்பியவர் கதையே வேறு. அவர் பின்னால் படைப்பிரிவு இல்லை, அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு யாரும் சுடப்போவதில்லை. நவம்பர் 11, முன்னாள் வீரர் தினம். அன்று பழைய சீருடையில் ஊர்வலம் போனால் ஊரே கைதட்டுகிறது. மார்ச் மாதத்தில் அதே உடையில் "நான் அங்கே பார்த்தது இது" என்று சொன்னால் மட்டும் ஏன் குற்றமாகிறது? 1971 ஏப்ரலில் வியட்நாம் வீரர்கள் தங்கள் பதக்கங்களை நாடாளுமன்றக் கட்டடத்தை நோக்கி வீசினார்கள். அதற்கு முந்தின நாள், பட்டாளச் சட்டையிலேயே அவர்களில் ஒருவரான ஜான் கெர்ரி, நாடாளுமன்ற மேலவையான செனட்டின் குழு ஒன்றின் முன் உட்கார்ந்து போரைக் கண்டித்துப் பேசினார். அந்தக் குழுவே கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டது.

சேமப்படைப் பட்டியலில் வெறும் பெயராக இருக்கும் ஒருவரை, திரும்ப அழைக்கும் நாள்வரை எல்லா வகையிலும் குடிமகனாகவே நடத்த வேண்டும். அதைச் சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும். அவர் வாங்கிய நற்சான்றில், அதற்குப் பிறகு அவர் பேசியதற்காகக் கைவைக்கக் கூடாது என்றும் சேர்த்து எழுத வேண்டும்.

நன்றி, வணக்கம்.