கனமான வண்டிதான் வேகமாக இறங்குமா? சோப் பாக்ஸ் கார் பற்றிய கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரக் கேள்வியை அனுப்பியிருப்பவர் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி. அப்படியே வாசிக்கிறேன். “நாங்கள் ஆறு பேர் சேர்ந்து, 8 வயது முதல் 12 வயது வரை உள்ள குழந்தைகள் ஓட்டுவதற்கு ஒரு சோப் பாக்ஸ் கார் வடிவமைக்கிறோம். மோட்டார் கிடையாது, சரிவில் தானாக இறங்க வேண்டும். எடையைக் கூட்டினால் வேகம் கூடும் என்கிறார்கள். கனமோ இலேசோ எல்லாம் ஒரே வேகத்தில்தான் விழும் என்று பள்ளியில் படித்தோம். எது சரி?”

பள்ளியில் படித்ததில் தப்பே இல்லை. காற்று இல்லாத இடத்துக்கு அது அப்படியே பொருந்தும். உங்கள் வண்டி காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது, அங்கேதான் எடை உள்ளே வருகிறது.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 20 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் ரோடு. குழந்தையும் வண்டியும் சேர்ந்து 60 கிலோ என்றால் சரிவு இழுக்கும் விசை சுமார் 29 நியூட்டன். 100 கிலோ என்றால் 49. சக்கரம் உருளும்போது வரும் தடையை எடையில் நூற்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோவுக்கு 6, 100 கிலோவுக்கு 10. எடை கூடினால் இதுவும் கூடவே கூடுகிறது, அதனால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் காற்றுக்கு உங்கள் எடை தெரியாது. முகப்பு எவ்வளவு பெரிது, வடிவம் எப்படி, என்ன வேகம் என்று மட்டும்தான் அது பார்க்கும். குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு திறந்த வண்டி விநாடிக்கு 8 மீட்டரில், அதாவது மணிக்கு 29 கிலோமீட்டரில் போனால், காற்று சுமார் 20 நியூட்டன் பிடித்து இழுக்கும். இரண்டு வண்டிக்கும் அதே 20தான். கழித்துப் பாருங்கள். இலேசான வண்டிக்கு மிச்சம் 3 நியூட்டன், கனமான வண்டிக்கு 19. முன்னது அதற்கு மேல் வேகம் பிடிக்கத் திணறும், பின்னது இன்னும் நன்றாக வேகம் பிடிக்கும்.

அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் ஏக்ரன் நகரில் நடக்கும் சோப் பாக்ஸ் கார் போட்டியில் வண்டியையும் குழந்தையையும் சேர்த்து எடை போடுவது இதற்காகத்தான். மொத்தத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, ஒல்லியான குழந்தை வண்டியில் கூடுதல் எடை வைத்துக்கொள்ளலாம்.

சரி, அப்படியானால் மணல் மூட்டையை ஏற்றிவிடலாமா? வேண்டாம். இதைச் சொல்லத்தான் உங்கள் கேள்வியை எடுத்தேன். நீங்கள் அனுப்பிய படத்தில் சக்கரம், பேரிங், முகப்பு எல்லாவற்றுக்கும் அளவு இருக்கிறது. பிரேக் இருக்கும் இடத்தில் ஒரு கட்டம் போட்டு ‘பிரேக்’ என்று எழுதியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

எங்கள் சின்ன வயதில் பேரிங் வண்டி ஓட்டினோம். மெக்கானிக் கடையில் கழித்துப் போட்ட பேரிங் மூன்று, ஒரு பலகை, முன்னால் திருப்ப ஒரு குறுக்குக் கட்டை. தார் ரோட்டில் அது வரும் சத்தம் தெரு முனை வரைக்கும் கேட்கும். நிறுத்துவதற்குக் குதிகால்தான். இறக்கத்தில் குதிகாலை ஊன்றித் தேய்த்தால் செருப்பின் பின்பக்கம் சூடாவது காலில் தெரியும். செருப்பு இல்லாத பையனுக்குத் தோல் போகும். அந்தக் குதிகாலின் வேலையைச் செய்யும் ஒன்றை அந்தப் பையனுக்குச் செய்து கொடுப்பதுதான் பொறியாளரின் வேலை.

அதையும் கணக்கில் கொண்டுவருவோம். சரிவு முடிந்து சமதரை வந்ததும், அதே 8 மீட்டர் வேகத்திலிருந்து 10 மீட்டருக்குள் நிற்க வேண்டும். 100 கிலோ வண்டிக்கு 320 நியூட்டன் தேவை. 60 கிலோ வண்டிக்கு 190 போதும். தரையில் அழுத்தும் ரப்பர் கட்டைதான் பிரேக் என்றால், உராய்வு எண் 0.6 (அதாவது அழுத்தும் விசையில் 0.6 பங்கு பிடிமானமாகக் கிடைக்கும்) என்று வைத்து, கனமான வண்டியில் அந்தக் கட்டையை 530 நியூட்டனுக்கு மேல் அழுத்த வேண்டும். அது சுமார் 54 கிலோ மூட்டையைத் தூக்கி வைத்ததற்குச் சமம். ஓட்டுகிற குழந்தையே 25, 30 கிலோதான் இருக்கும்! அதனால் பெடலுக்கும் கட்டைக்கும் நடுவில் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் ஒரு நெம்புகோல் வையுங்கள். குழந்தையின் கால் 14 கிலோ அளவுக்கு அழுத்தினால் போதும். மழை பெய்து தரை ஈரமாக இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, அன்றைக்கு வண்டியை வெளியே எடுக்கவே கூடாது.

பெடல் காலுக்கு எட்ட வேண்டும். 8 வயதுக் காலுக்கும் 12 வயதுக் காலுக்கும் நல்ல வித்தியாசம் வரும். சீட்டை நகர்த்தினால் எடை மையமும் நகர்ந்துவிடும். சீட்டை அப்படியே விட்டுவிட்டுப் பெடலுக்கு நான்கைந்து துளை போட்டு, போல்ட் மாற்றி வைக்கிற மாதிரி செய்யுங்கள்.

அடுத்தது ஸ்டியரிங். அது கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு முன்னே சொன்ன ஏக்ரன் போட்டியின் கதையே போதும். அந்தப் போட்டி தொடங்கியது 1933இல், அதே மாநிலத்தின் டேட்டன் நகரில். சிறுவர்கள் பெட்டியும் பலகையும் வைத்துத் தாங்களே செய்த வண்டிகளில் இறங்குவதைப் பார்த்த மைரன் ஸ்காட் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் அதைப் போட்டியாக்கினார். (பிற்பாடு ‘கார்வெட்’ என்ற பெயரை ஷெவர்லே காருக்குச் சூட்டியவரும் இவர்தான்.) 1935இல் ஏக்ரனில் ஒரு வண்டி கட்டுப்பாடு இழந்து, வானொலியில் வர்ணனை சொல்லிக்கொண்டிருந்த கிரகாம் மெக்நாமி மீதே மோதியது. அவர் மருத்துவமனையில் கிடக்க நேர்ந்தது. அடுத்த வருடம்தான் டெர்பி டவுன்ஸ் என்ற தனிப் பாதை அங்கே வந்தது.

உங்கள் வண்டியில் முன் அச்சு முழுவதும் நடு போல்ட்டில் திரும்புகிறது. எளிமையான அமைப்பு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதிகம் திரும்பினால் சக்கரம் உடலுக்கு அடியில் ஒதுங்கி வண்டி கவிழும். இரண்டு பக்கமும் 15 டிகிரிக்கு மேல் போகாமல் தடுப்புக் கட்டை வையுங்கள். நடு போல்ட்டுக்குச் சாதாரண நட் போடாதீர்கள், அதிர்வில் கழன்றுவிடும். உள்ளே நைலான் வளையம் வைத்து, எளிதில் கழலாதபடி செய்த நைலாக் நட் போடுங்கள். போல்ட்டின் மேல்முனை சைக்கிள் ஃபோர்க் மாதிரி கொஞ்சம் பின்னால் சாய்ந்திருந்தால், கையை விட்டாலும் சக்கரம் நேராகப் பார்க்கும். அப்புறம், இரண்டு அச்சும் இணையாக இருக்கிறதா என்று டேப் வைத்துக் குறுக்களவு எடுங்கள். ஆசாரி கதவு நிலைக்கு மூலைக்கு மூலை அளப்பாரே, அதே மாதிரி. இரண்டு அளவும் ஒன்றாக வர வேண்டும். வண்டி கோணலாக இருந்தால் டயரைத் தேய்த்துக்கொண்டுதான் இறங்கும். அதில் இழக்கிற வேகத்தை எந்த எடையும் திருப்பித் தராது.

வேகம் மட்டுமே குறியானால் எதில் போய் முடியும் என்பதற்கும் ஏக்ரனிலேயே உதாரணம் இருக்கிறது. 1973இல் முதலில் வந்த 14 வயதுப் பையனின் வண்டி மூக்கில் மின்காந்தம் ஒளித்து வைத்திருந்தது. தொடக்கக் கோட்டில் வண்டிகளைப் பிடித்து நிறுத்தும் இரும்புத் தகடு சாயும்போது வண்டியையும் சேர்த்து இழுத்தது. கண்டுபிடித்துப் பட்டத்தைப் பறித்தார்கள். அந்தச் சூழ்ச்சியில் பெரியவர்களின் பங்கு இருந்ததுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

ஆகவே உங்கள் வண்டிக்கு எடை கூட்ட வேண்டாம். வேகம் வேண்டுமானால் குழந்தையின் காலை நீட்டி, முதுகைச் சாய்த்து உட்கார வையுங்கள், முகப்பு சிறுத்துவிடும். முதல் பத்து ஓட்டத்துக்குக் குழந்தைக்குப் பதில் 35 கிலோ மணல் மூட்டை ஏறட்டும். பெடலில் கயிறு கட்டி நீங்களே இழுத்து நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் நின்ற இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். அதில் ரொம்ப தூரம் போன கோட்டைத் தாண்டி, நிற்க எடுத்துக்கொண்ட தூரம் அளவுக்கு இன்னும் ஒரு மடங்கு காலி இடம் இருந்தால் மட்டும் குழந்தையை ஏற்றுங்கள், ஹெல்மெட்டோடு.