கெளம்புறது தெரியுது, அடிக்கிற அடிதான் தெரியல

எல்லாருக்கும் வணக்கம். 2024 மே 10 ராத்திரி லடாக்ல ஹான்லேங்கிற ஊர்ல வானம் செவந்துச்சு, போட்டோ பாத்திருப்பீங்க, துருவத்துப் பக்கம் தெரிய வேண்டிய ஒளி அவ்ளோ தெற்கால எறங்கி நம்ம நாட்டு கேமராவுல விழுந்துச்சு. காரணம், சூரியன்ல இருந்து வந்த ஒரு புயல். அதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே சூரியன்ல ஒரு கரும்புள்ளிக் கூட்டம், நம்பர் 13664, பூமிய பதினஞ்சு தடவ வரிசையா வச்சா வர்ற அகலம், அது ஒண்ணு பின்னால ஒண்ணா பிளாஸ்மா மேகத்த, அதாவது மின்னூட்டம் உள்ள சூடான வாயுவ, தூக்கி எறிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அமெரிக்காவோட விண்வெளி வானிலை மையம் புயலோட பலத்த சொல்ற அளவுகோல்ல ஜி4 வரலாம்னு முன்கூட்டியே எச்சரிக்கை குடுத்துட்டாங்க. வந்தது ஜி5, அதுக்கு மேல அந்த அளவுகோல்ல கிடையாது, 2003 அக்டோபருக்கு அப்புறம் அதான் மொத தடவ.

அப்ப கணிப்பு தப்பா? நான் அப்படி சொல்லமாட்டேன். கெளம்புனத பாத்தாங்க, எப்ப வரும்னு ஏறக்குறைய சொன்னாங்க. ஆனா எவ்ளோ பலமா அடிக்கும்னு சொல்றதுக்கு வேண்டிய ஒரு விஷயம் தூரத்துல இருந்து பாத்தா சரியா தெரியாது. அந்த மேகத்துக்குள்ள காந்தப்புலம் இருக்கு, அது வடக்கு பாத்து வருதா தெற்கு பாத்து வருதா, அதுதான் கேள்வியே. சூரியன பாத்த பக்கத்துல நம்ம பூமியோட காந்தப்புலம் வடக்கு பாத்து இருக்கு. வர்றதும் வடக்குன்னா பெரும்பாலும் ஒதுங்கிப் போயிரும், தெற்குன்னா ரெண்டும் இணைஞ்சுக்கும், சக்தி உள்ள எறங்கிரும். அப்படி ஒரு புயல்லதான் 1989 மார்ச் 13 கனடாவுல கியூபெக் மாகாணத்து கரண்ட் கிரிட் ஒன்றரை நிமிஷத்துல படுத்துச்சு, 60 லட்சம் பேரு, சுமார் 9 மணி நேரம், அந்தக் குளிர்ல.

இந்த திசைய எங்க அளக்குறோம்னா பூமியில இருந்து சூரியன் இருக்குற பக்கமா 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, எல்1ங்கிற எடத்துல, சூரியன், பூமி ரெண்டோட ஈர்ப்பும் சேந்து விண்கலத்த அங்கயே நிக்க வைக்கிற எடம் அது. பெரிய தூரமா தெரியுதுல்ல, சூரியனோட தூரத்துல நூத்துல ஒரு பங்குதான் அது. மேகம் செகண்டுக்கு 700 கிலோமீட்டர்ல வந்தா அங்க தொட்டதுல இருந்து இங்க அடிக்க 36 நிமிஷம். அவ்ளோதான் நமக்கு கெடைக்கிற நேரம்! அதுக்குள்ள கிரிட் கன்ட்ரோல் ரூம்ல இருக்குறவங்க ரிப்பேருக்கு நிறுத்தி வச்ச லைன திரும்பக் கொண்டு வரணும், டிரான்ஸ்பார்மர் லோட கொறைக்கணும்.

அதனாலதான் சூரியன பாக்க இஸ்ரோ அனுப்புன ஆதித்யா எல்1 விண்கலம் எனக்கு அவ்ளோ பெருசா படுது. 2023 செப்டம்பர் 2 கெளம்பி 2024 ஜனவரி 6 அங்க போய் சேந்துச்சு, திட்ட இயக்குநர் நிகார் ஷாஜி நம்ம செங்கோட்டைக்காரங்க. அதுல சூரியனோட வெளி மண்டலமான கரோனாவ பாக்குற கருவியும் இருக்கு, காந்தப்புலத்த அந்த எடத்துலயே அளக்குற கருவியும் இருக்கு, அதாவது மேகம் கெளம்புறதையும் பாக்கலாம், வந்து தொடுறதையும் அளக்கலாம்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்த சொல்லாம விட மனசு வரல. நூறு வருஷத்துக்கும் மேல அங்க சூரியன போட்டோ எடுத்து வச்சிருக்காங்க, ஒரு கரும்புள்ளி எப்படி பொறந்து எப்படி அழியுதுன்னு ஆராய்ச்சி பண்றவங்க இன்னைக்கும் அந்த பழைய கண்ணாடித் தகட்டத்தான் ஸ்கேன் பண்ணி எடுத்துக்குறாங்க. அதுக்கும் முன்னாடி, 1859 செப்டம்பர் 2, பதிவான சூரியப் புயல்லயே ரொம்பப் பெருசுன்னு சொல்ற கேரிங்டன் புயல் அடிச்ச அன்னைக்கு பம்பாய் கொலாபாவுல, காந்தப்புலத்த அளக்குற காந்தமானி பக்கத்துல ஒக்காந்து கண்ணால பாத்துப் பாத்து நோட்டுல எழுதிக்கிட்டே இருந்திருக்காங்க. முள்ளு கீழ போச்சு, காந்தப்புலத்த அளக்குற அலகுல ஏறக்குறைய 1600 நானோடெஸ்லா, அத்தனையும் வரிசையா எழுதியிருக்காங்க. அந்தப் புயல் எவ்ளோ பெருசுன்னு இப்ப கணக்கு போடுறவங்க இன்னமும் அந்த நோட்டத்தான் தேடி வர்றாங்க.