மீன் என்று பேர் வைத்த டக்: பேர்ல் ஹார்பரிலிருந்து ஆர்கன்சா ஆறு வரை

வணக்கம் மக்களே. காற்றுச் சத்தம் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், ஆற்றங்கரையில் நிற்கிறேன். மைக்குக்கு மாட்டும் பஞ்சு உறையை டாலஸில் வீட்டு மேசை மேலேயே விட்டுவிட்டு ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருக்கிறேன். கிளம்பும்போதே மனைவி கேட்டார், எல்லாம் எடுத்தாச்சா என்று. எடுத்தாச்சு என்று சொன்னது நான்தான்.

இது நார்த் லிட்டில் ராக், ஆர்கன்சா மாநிலம். கடலே இல்லாத மாநிலம். ஆனால் பாருங்கள், ஆற்றில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் நிற்கிறது. ரேசர்பேக் என்று பேர். 1945 செப்டம்பர் 2ஆம் தேதி ஜப்பான் சரணடைந்தபோது டோக்கியோ விரிகுடாவில் இருந்த கப்பல். அப்புறம் துருக்கிக் கடற்படைக்குப் போய் 30 வருடம் வேலை பார்த்துவிட்டு 2004இல் இங்கே வந்தது. வருகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் படம் எடுக்கிறார்கள். எடுக்கட்டும். நான் வந்தது பக்கத்தில் நிற்கும் சின்ன ஆளைப் பார்க்க.

கேமராவைத் திருப்புகிறேன். இதுதான் ஹோகா. 100 அடி நீளம், 25 அடி அகலம். நம் ஊர் துறைமுகத்தில் டக் என்றுதான் சொல்வோம், பேப்பரில் எழுதும்போது மட்டும் இழுவைக் கப்பல். ஹோகா என்றால் சூ பழங்குடி மக்களின் மொழியில் மீன் என்று அர்த்தம்.

துறைமுகத்தில் வேலை பார்க்காதவர்களுக்கு ஒரு வரி. பெரிய கப்பலுக்குப் பிரேக் கிடையாது. மெதுவாகப் போகும்போது தண்ணீர் சுக்கானை வேகமாகத் தொட்டுப் போவதில்லை, அதனால் சுக்கானைத் திருப்பினாலும் கப்பல் லேசில் திரும்பாது. அந்த நேரத்தில் பக்கத்தில் வந்து தள்ளவும் இழுக்கவும் ஒரு முரட்டு ஆள் வேண்டும். அதனால்தான் டக் இப்படிக் குட்டையாக, அகலமாக, உடம்புக்குப் பொருந்தாத எஞ்சினோடு இருக்கிறது.

எஞ்சின் என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஹோகாவில் டீசல் எஞ்சின், தண்ணீருக்குள் இருந்து கப்பலைத் தள்ளும் காற்றாடியை நேரடியாகச் சுற்றாது. டீசல் ஜெனரேட்டரைச் சுற்றும், அந்த மின்சாரத்தில் மோட்டார் ஓடும், மோட்டார்தான் காற்றாடியைச் சுற்றும். நாம் சின்ன வயதில் பார்த்த டீசல் ரயில் எஞ்சினும் இதே ஏற்பாடுதான். என் பெரியப்பா பொன்மலை ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர். இதைக் காட்டியிருந்தால் கப்பலை விட்டுவிட்டு மோட்டாரைப் பற்றித்தான் ஒரு மணி நேரம் பேசியிருப்பார். டக்குக்கு இது ஏன் நல்லது என்றால், முன்னே பின்னே என்று நொடிக்கு நொடி மாற்ற வேண்டிய வேலை. மின்சார மோட்டாரில் அது சுலபம்.

சரி, கதைக்கு வருவோம். 1940 கடைசி நாளில் நியூயார்க்கில் இதைத் தண்ணீரில் இறக்கினார்கள். 1941இல் ஹவாய்க்கு அனுப்பினார்கள், பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்துக்கு. டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜப்பானிய விமானங்கள் வந்துவிட்டன. குண்டு விழ ஆரம்பித்த சில நிமிடங்களில் ஹோகா கட்டவிழ்த்துக் கிளம்பிவிட்டது. தண்ணீரில் கிடந்த இரண்டு பேரைத் தூக்கியது. அரிசோனா போர்க்கப்பல் வெடித்து எரிகிறது, 1,177 பேர் செத்துப்போன கப்பல் அது. அதன் பக்கத்திலேயே வெஸ்டல் என்ற பழுதுபார்க்கும் கப்பல் கட்டியிருந்தது. அதை அங்கிருந்து இழுத்து வெளியே கொண்டுவந்தது இந்த ஹோகாதான்.

அடுத்தது நெவாடா. பேட்டில்ஷிப் என்ற மிகப் பெரிய போர்க்கப்பல்களில் அன்றைக்கு நகர்ந்தது இது ஒன்றுதான். வெளியே கடலுக்குப் போகலாம் என்று கிளம்பியது. இரண்டாவது அலையில் வந்த விமானங்கள் இதைத்தான் குறிவைத்தன. ஏன் தெரியுமா? பேர்ல் ஹார்பருக்கு வாசல் ஒன்றுதான், அதுவும் ஒடுக்கமான கால்வாய். அதில் நெவாடா மூழ்கினால் சீசாவுக்குத் தக்கை போட்ட மாதிரி. உள்ளே இருக்கிற கப்பல்கள் எல்லாம் உள்ளேயேதான். தண்ணீருக்குள் பாய்ந்து வந்து வெடிக்கும் டார்பிடோ ஒன்றும் ஆறுக்குக் குறையாத குண்டுகளும் வாங்கிய கப்பல், ஒரு முனையில் தரைதட்டி நின்றது. அங்கேயும் வழிதான் மறிபடும்.

ஹோகாவும் இன்னொரு டக்கும் போய், எரிந்துகொண்டிருந்த நெவாடாவைத் தள்ளி எதிர்க்கரையில் வைப்பியோ முனைப் பக்கம் ஒதுக்கிவிட்டன. நெவாடாவின் எடை 27,500 டன்னுக்கு மேல். ஹோகா 325 டன். எண்பது மடங்குக்கு மேல். தள்ளிக்கொண்டே தீயையும் அணைத்தார்கள்.

அப்புறம் அரிசோனாவுக்குத் திரும்பினார்கள். 9ஆம் தேதி வரை விடாமல் தண்ணீர் அடித்திருக்கிறார்கள். டக் தலைவர் ஜோ மக்மேனஸையும் ஆட்களையும் பசிபிக் கடற்படைத் தளபதி அட்மிரல் நிமிட்ஸ் எழுத்திலேயே பாராட்டினார். ஒரு வேடிக்கை, அன்றைக்கு இதற்கு யூஎஸ்எஸ் என்ற அடைமொழிகூடக் கிடையாது. வைடி-146, அவ்வளவுதான். வை என்றால் யார்டு, டி என்றால் டக். முறைப்படி படையில் சேர்த்த கப்பல் இல்லை, துறைமுகத்துத் தளவாடம். கிரேன் மாதிரி.

இது வரைக்கும் பல பேர் சொன்ன கதை. எனக்குப் பிடித்தது இதற்கப்புறம்தான்.

போர் முடிந்தது, ஆயிரக்கணக்கில் கப்பல்கள் மிச்சம். கலிபோர்னியாவில் ஓக்லாந்து துறைமுகத்துக்கு ஒரு தீயணைப்புப் படகு தேவைப்பட்டது. 1948இல் கடற்படை ஹோகாவை வருடத்துக்கு ஒரு டாலர் வாடகைக்குக் கொடுத்தது. தீயணைப்புத் துறையில் சேர்ந்து, பின்னால் சிட்டி ஆஃப் ஓக்லாந்து என்று பேரும் மாறிவிட்டது.

டக்கைத் தீயணைப்புப் படகாக மாற்றுவது ஏன் பொருத்தம் என்று யோசித்தேன். வயலில் பம்புசெட் ஹோஸைப் பிடித்திருக்கிறீர்களா? முழு வேகத்தில் தண்ணீர் வந்தால் ஹோஸ் ஆளைப் பின்னால் தள்ளும். படகையும் அப்படித்தான் தள்ளும். அந்த உதையை வாங்கிக்கொண்டு அசையாமல் நிற்பதற்கு டக்கின் எடையும் எஞ்சினும் சரியாக இருக்கும். ஓக்லாந்தில் புதுப் பம்புகளைப் போட்டு நிமிடத்துக்கு 10,000 கேலன் அடிக்கும்படி செய்தார்கள். சென்னைக் கணக்கில் சொல்கிறேன், 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இருக்கிறதே, நிமிடத்துக்கு மூன்று லாரி. எங்கள் பழைய தெருவில் ஒரு லாரிக்கு எத்தனை நாள் காத்திருந்தோம் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

இப்போது ஒரு தேதி. ஹோகா ஓக்லாந்தில் வேலையை ஆரம்பித்தது 1948 ஜூலை. அது காப்பாற்றிய நெவாடா என்ன ஆனது? பழுது பார்த்து, பிரான்சின் நார்மண்டி வரை சண்டைக்குப் போய், 1946இல் பிகினித் தீவில் அணுகுண்டுச் சோதனைக்குக் குறியாக நிறுத்தப்பட்டது. இரண்டு அணுகுண்டுக்கும் மூழ்கவில்லை. கடைசியில் ஹவாய்க்கு அப்பால் சொந்தக் கடற்படையே தாக்கி மூழ்கடித்தது. தேதி 1948 ஜூலை 31. ஒரே மாதம். தள்ளிக் கரைசேர்த்த சின்னதுக்குப் புது வேலை கிடைத்தது, கரைசேர்ந்த பெரியது கடலுக்கடியில்.

இது தற்செயல்தான், தெரியும். ஆனால் காரணம் தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். போர்க்கப்பலைப் போர் இல்லாத ஊரில் யாருக்கு என்ன செய்யக் கொடுப்பீர்கள்? டக் எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் மறுநாள் காலை வேலை இருக்கும். அமெரிக்கக் கடற்படையின் பழைய டக்குகள் பல ஏலத்தில் போய், இன்றைக்கும் தனியார் கம்பெனி நிறத்தில் ஓடுகின்றன.

ஹோகா 1993 வரை, 45 வருடம், தீ அணைத்தது. 1989இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தபோதுகூட அது ரிட்டயர் ஆகவில்லை. மறுநாள் மணி அடித்தால் கிளம்ப வேண்டிய நிலையில் ஒரு நினைவுச்சின்னம்.

வேலை போனதும்தான் ஆபத்து வந்தது. 1994இல் கடற்படை திரும்ப வாங்கி, சூசன் விரிகுடாவில் பழைய கப்பல்களோடு நிறுத்திவிட்டது. நோகோமிஸ் என்று இதற்கு ஒரு உடன்பிறப்பு, அன்றைக்கு அதுவும் பேர்ல் ஹார்பரில் இருந்தது. சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் தனியார் டக்காக உழைத்தது. காப்பாற்ற ஆர்வலர்கள் முயன்றும் கடைசியில் உடைத்துவிட்டார்கள். ஹோகாவை 2005இல் இந்த ஊருக்கு ஒதுக்கினார்கள். வந்து சேர்ந்தது 2015 நவம்பரில். பத்து வருடம்! கடல் வழியாக வந்து, மிசிசிப்பியில் ஏறி, ஆர்கன்சா ஆற்றில் திரும்பி இவ்வளவு உள்ளே. அவ்வளவு பேரை இழுத்த டக்கைக் கடைசியில் இன்னொருவர் இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது.

இருங்கள், ஜூம் பண்ணுகிறேன். அணியத்தைப் பாருங்கள். நம் மீனவர்கள் முன்பக்கத்தை அணியம் என்பார்கள். கூராக இல்லை, உருண்டை. இந்த இடம்தான் மற்றக் கப்பல்களின் உடம்போடு முட்டிக்கொண்டே இருக்கும். மேலே தெரிகிற இரும்புக் குட்டைத் தூண்களில்தான் வடத்தைச் சுற்றுவார்கள். சுற்றிய வடம் இறுகும்போது யாரும் நேர்கோட்டில் நிற்கக் கூடாது. அறுந்தால் காலை எடுத்துவிடும்.

அதோ, ஒரு படகு வருகிறது. தட்டையான பார்ஜுகளைச் சேர்த்துக் கட்டி, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருகிறார்கள். ஆற்று டக். இந்த ஆற்றில் இதுதான் தினசரிப் போக்குவரத்து. ஓட்டுகிறவர் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அது கிளப்பிய அலை இப்போது இங்கே வருகிறது. ஹோகாவின் வடத்தைப் பாருங்கள், தொங்கிக்கொண்டிருந்தது. இதோ ஏறுகிறது... இறுகிவிட்டது. தண்ணீர் சொட்டுகிறது. நானும் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்கிறேன்.